பெரிது, சிறிது, நீளம், குட்டை: அளவைச் சொல்லும் ஆங்கில வழக்குகள்



இம்மாத ஆங்கிலப் பாடத்தைத் தொடங்கும் முன், எங்கள் அலுவலகத்தில் நடந்த ஒரு தவறைச் சொல்லிவிட வேண்டும். அந்தத் தவறுதான் இந்தப் பாடத்துக்கே காரணம்.

சென்ற ஆண்டு நம் ஊர்த் தாய் ஒருவர் டிரஸ்ட் அலுவலகத்துக்குப் போன் செய்தார். மகன் டிப்ளமோ முடித்துவிட்டு வளைகுடா வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். "பதில் வந்திருக்கு. 'ஷார்ட்லிஸ்டட்'னு போட்டிருக்காம். அப்படின்னா என்னங்க?" என்று கேட்டார். அன்று கல்வி உதவித்தொகை விண்ணப்பம் வாங்கும் நாள், அலுவலகத்தில் கூட்டம். எங்களில் ஒருவர், "செலக்ட் ஆயிட்டாருன்னு அர்த்தம்மா, முபாரக்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அன்று மாலையே அந்தக் குடும்பம் அக்கம்பக்கத்துக்கு இனிப்புக் கொடுத்தது. மறுநாள் அந்தத் தாயின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. விசா வேலையைத் தொடங்க வேண்டும் என்று கேட்ட ஓர் இடைத்தரகர் கையில் 40,000 ரூபாய் போய்ச் சேர்ந்தது. உண்மையில் 'ஷார்ட்லிஸ்டட்' என்றால், வந்த விண்ணப்பங்களில் சிலவற்றைப் பிரித்தெடுத்து வைத்திருக்கிறார்கள், அந்தச் சிறிய பட்டியலில் பெயர் இருக்கிறது என்றுதான் பொருள். நேர்முகத் தேர்வு அதற்குப் பிறகுதான். அதில் அந்தத் தம்பி தேர்வாகவில்லை. கொடுத்த பணத்தில் பாதிதான் திரும்பியது. சங்கிலியை மீட்க ஏழு மாதம் ஆனது.

அந்தத் தாய் எங்களை ஒரு சொல் கடிந்து பேசவில்லை. "தெரியாமத்தானே சொன்னீங்க" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருக்கலாமே என்பதுதான் இன்றுவரை எங்கள் மனதை உறுத்துகிறது.

'ஷார்ட்' என்றால் குட்டை, 'ஸ்மால்' என்றால் சிறிது, 'பிக்' என்றால் பெரிது. இவை இரண்டாம் வகுப்பிலேயே படித்த சொற்கள். தெரிந்த சொற்கள் என்பதால்தான் நாம் யாரிடமும் கேட்பதில்லை. கடினமான சொல்லைக் கண்டால் அகராதியைப் புரட்டுகிறோம். எளிய சொல்லில் ஏமாந்துவிடுகிறோம். ஆகவே அளவைக் குறிக்கும் எளிய சொற்கள் ஆங்கில வழக்கில் எப்படியெல்லாம் பொருள் மாறுகின்றன என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம். பெற்றோர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

நம் தமிழிலும் இது உண்டு

முதலில் பயத்தை விடுங்கள். இந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. "அவனுக்குக் கை நீளம்" என்று நாம் சொன்னால் யாரும் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போவதில்லை. களவாடும் பழக்கம் உள்ளவன் என்று புரிந்துகொள்கிறோம். "பெரிய மனசு பண்ணுங்க" என்றால் மன்னித்துவிடுங்கள் என்று பொருள். "பெரிய இடத்துச் சம்பந்தம்" என்றால் வசதியான குடும்பம். "சின்னப் புத்தி" என்றால் அற்பத்தனம். தமிழ் படிக்க வந்த வெளிநாட்டுக்காரர் "கை நீளம்" என்பதைக் கேட்டுவிட்டு, உயரமான ஆள் போலிருக்கிறது என்று நினைத்தால் நாம் சிரிப்போம். ஆங்கிலத்தில் நாம் அந்த வெளிநாட்டுக்காரரின் நிலையில் இருக்கிறோம், அவ்வளவுதான்.

ஒரு சிறிய சோதனையை நினைவில் வையுங்கள். அளவுச் சொல் ஒன்று கண்ணில் பட்டால், "இதை நாடாவாலோ தராசாலோ அளக்க முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். சட்டை, அறை, மீன் என்றால் அளக்கலாம். சொல்லுக்கு நேர்ப் பொருள்தான். நோட்டீஸ், ஆர்டர், டீல், டாக் என்றால் அளக்க முடியாது. அங்கே வேறு பொருள் இருக்கிறது என்று நின்று கேட்க வேண்டும்.

வேலையிலும் பணத்திலும் வரும் சொற்கள்

நம் ஊர்க் குடும்பங்களுக்கு மிகவும் தேவையானவை இவைதான். சபர் போகும் பிள்ளைகள் இவற்றை மனப்பாடமே செய்துகொள்ளலாம்.

'ஷார்ட்லிஸ்டட்': மேலே சொன்னதுதான். முதல் சல்லடையில் தேறியாயிற்று. வேலை இன்னும் கிடைக்கவில்லை. 'செலக்டட்' என்ற சொல்லோ, கையெழுத்திட்ட ஆஃபர் லெட்டரோ வரும்வரை யாருக்கும் பணம் தர வேண்டிய அவசியம் இல்லை.

'ஸ்மால் பிரிண்ட்', 'ஃபைன் பிரிண்ட்': இரண்டும் ஒன்றுதான். ஒப்பந்தத்தின் அடியிலோ பின்பக்கத்திலோ பொடி எழுத்தில் அச்சிடப்பட்ட நிபந்தனைகள். இங்கே 'ஃபைன்' என்றால் அபராதமும் இல்லை, நலமும் இல்லை. நுண்ணிய என்று பொருள். சம்பளம் பெரிய எழுத்தில் இருக்கும். சாப்பாட்டுக்குப் பிடிப்பது எவ்வளவு, இரண்டு வருடத்துக்கு முன் திரும்பினால் டிக்கெட் யார் செலவு, ஓவர்டைம் எப்படிக் கணக்கு என்பதெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். "ரீட் தி ஸ்மால் பிரிண்ட்" என்று ஒருவர் சொன்னால், சிறிய எழுத்தில்தான் பெரிய விஷயம் இருக்கிறது, கவனி என்று எச்சரிக்கிறார்.

கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுங்கள், தொகை சிறியதோ பெரியதோ, எழுதுவதில் சலித்துவிடாதீர்கள் என்பது அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் நமக்குக் கற்றுத்தருவது. குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் அதுதான் என்பதை மதரஸாவில் ஓதிய பிள்ளைகள் அறிவார்கள். எழுதச் சொன்ன மார்க்கத்தில் இருக்கும் நாம், எழுதியிருப்பதைப் படிக்காமல் கையெழுத்துப் போடலாமா?

'ஷார்ட் நோட்டீஸ்': குறைந்த கால அவகாசத்தில் தரும் தகவல். "அட் ஷார்ட் நோட்டீஸ்" ஆள் வேண்டும் என்றால், உடனே கிளம்பத் தயாராக இருக்க வேண்டும் என்று பொருள். சுவரில் ஒட்டும் சிறிய நோட்டீஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

'ஷார்ட்ஃபால்', 'ரன்னிங் ஷார்ட்', 'ஷார்ட் பேமென்ட்': மூன்றிலும் 'ஷார்ட்' என்றால் பற்றாக்குறை. வங்கிக் கடிதத்தில் ஷார்ட்ஃபால் என்று இருந்தால், இருக்க வேண்டிய தொகையில் குறைகிறது. ஷார்ட் பேமென்ட் என்றால் தர வேண்டிய சம்பளத்தைக் குறைத்துத் தந்திருக்கிறார்கள். வெளிநாட்டில் புகார் எழுத வேண்டிய நிலை வந்தால் இந்தச் சொல் உதவும்.

'ஷார்ட் ஸ்டாஃப்ட்': ஆள் பற்றாக்குறை. சூப்பர்வைசர் இப்படிச் சொன்னால், கூடுதல் நேரம் வேலை செய்யச் சொல்லப் போகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். குட்டையான ஊழியர்கள் என்று நினைத்துச் சிரித்துவிட வேண்டாம்.

'டால் ஆர்டர்': உயரமான ஆர்டர் என்று ஒன்று இல்லை. நிறைவேற்றக் கடினமான வேலை என்று பொருள். "தட்ஸ் எ டால் ஆர்டர்" என்று முதலாளி சொன்னால், ஒப்புக்கொண்டதாக நினைத்துவிடாதீர்கள்; சிரமம் என்கிறார். அதேபோல் 'டால் கிளெய்ம்' என்றால் நம்ப முடியாத பெருமைப் பேச்சு. "மூன்று மாதத்தில் சம்பளம் இரட்டிப்பாகும்" என்று ஓர் ஏஜென்ட் சொன்னால் அது டால் கிளெய்ம்.

'டவுன்சைஸிங்': கம்பெனி ஆட்களைக் குறைக்கிறது. வேலை நீக்கம் என்பதை மென்மையாகச் சொல்லும் சொல். சுற்றறிக்கையில் இது வந்தால், அலட்சியமாக இருக்க வேண்டாம் என்று குடும்பத்துக்குச் சொல்லி வையுங்கள்.

'எ கிரேட் டீல்', 'எ குட் டீல்': முதலாவதற்கு மிக அதிகம் என்று பொருள். இரண்டாவது பெரும்பாலும் நல்ல விலை, லாபமான பேரம் என்று வரும். 'நோ பிக் டீல்' என்றால் பெரிய விஷயமில்லை, பரவாயில்லை. ஆனால் வெறுமனே 'பிக் டீல்' என்று இழுத்துச் சொன்னால், "இது ஒரு பெரிய விஷயமாக்கும்!" என்ற கேலி. தொனியைக் கவனிக்க வேண்டும்.

'ஸ்மால் ஹவர்ஸ்': நள்ளிரவு தாண்டிய ஒன்று, இரண்டு, மூன்று மணி. கடிகாரத்தில் எண்கள் சிறியவையாக இருப்பதால் இந்தப் பெயர். தஹஜ்ஜுத் தொழுகிறவர்களுக்கு நன்கு தெரிந்த நேரம். இந்த நேரத்தில் ஷிஃப்ட் என்றால் இரவு வேலை. குறைந்த மணிநேர வேலை என்று நினைத்துச் சேர்ந்துவிடக் கூடாது.

இந்த இடத்தில் இரண்டு தகவல்கள். ஒன்று, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட், 1983ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். அவர் நம்மிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் என்று உச்சவரம்பு இருக்கிறது. இரண்டாவது, சிங்கப்பூர் ஒர்க் பெர்மிட்டுக்கு வரும் ஐ.பி.ஏ. கடிதம் தொழிலாளியின் தாய்மொழியிலும் தரப்படுகிறது. அடிப்படைச் சம்பளமும் பிடித்தங்களும் அதில் இருக்கும். விமானம் ஏறும் முன் தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

'எ' என்ற ஓரெழுத்து

பாடத்தின் மிக முக்கியமான பகுதி இதுதான் என்று நாங்கள் கருதுகிறோம். மாணவர்கள் இதைக் கோடிட்டு வைத்துக்கொள்ளவும்.

'லிட்டில்' என்றால் ஏறக்குறைய இல்லை. 'எ லிட்டில்' என்றால் கொஞ்சம் இருக்கிறது. அதேபோல் 'ஃபியூ' என்றால் ஏறக்குறைய யாரும் இல்லை. 'எ ஃபியூ' என்றால் சிலர் இருக்கிறார்கள். 'லிட்டில்' அளவிடக் கூடியவற்றுக்கு: பணம், தண்ணீர், நேரம். 'ஃபியூ' எண்ணக் கூடியவற்றுக்கு: ஆட்கள், நாட்கள், புத்தகங்கள்.

"ஐ ஹேவ் எ லிட்டில் மணி" என்றால் கையில் கொஞ்சம் இருக்கிறது, சமாளிக்கலாம். "ஐ ஹேவ் லிட்டில் மணி" என்றால் கையில் ஒன்றுமில்லை, உதவுங்கள். மகன் அனுப்பிய செய்தியில் இருந்த 'எ' நம் கண்ணில் படாவிட்டால், அவன் சொன்னதற்கு நேர்மாறாகப் புரிந்துகொள்வோம்.

இன்னும் கனமான ஓர் இடம். வெளியூர் மருத்துவமனையில் நம் உறவினர் படுத்திருக்கிறார். டாக்டர், "தேர் இஸ் எ லிட்டில் ஹோப்" என்றால் சிறிது நம்பிக்கை இருக்கிறது, துஆ செய்யுங்கள், சிகிச்சையைத் தொடர்வோம் என்று பொருள். "தேர் இஸ் லிட்டில் ஹோப்" என்றால், பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொருள். இந்த இரண்டில் எது என்று தெரியாமல் ஒரு குடும்பம் பயணத்தை ஒரு நாள் தள்ளிப் போட்டால், அந்த நாளை யாராலும் திருப்பித் தர முடியாது. டாக்டரிடம், "நம்பிக்கை இருக்கிறதா, இல்லையா? தமிழில் அல்லது எளிய ஆங்கிலத்தில் சொல்லுங்கள்" என்று திருப்பிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இதோடு ஒரு வேடிக்கையும் உண்டு. 'கொயட் எ ஃபியூ' என்றால் சிலர் இல்லை, நிறையப் பேர்! 'ஸ்லிம் சான்ஸ்' என்றால் மெலிந்த வாய்ப்பு, அதாவது வாய்ப்புக் குறைவு. அப்படியென்றால் 'ஃபேட் சான்ஸ்' கொழுத்த வாய்ப்பாக இருக்க வேண்டுமே? இல்லை. அதுவும் வாய்ப்பே இல்லை என்றுதான் பொருள், கேலியாகச் சொல்வது. ஒல்லியும் குண்டும் ஒரே இடத்தில் போய் நிற்கின்றன.

கடலோரம் வாழும் நமக்குப் புரியும் சொற்கள்

ஆங்கிலேயரும் கடலோடு வாழ்ந்தவர்கள். ஆகவே அவர்கள் மொழியில் கடல் வாசனை அடிக்கும் அளவுச் சொற்கள் நிறைய உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இவை மற்றவர்களைவிடச் சுலபமாகப் பிடிபடும்.

'பை அண்ட் லார்ஜ்': பெரும்பாலும், மொத்தத்தில் என்று பொருள். இது பாய்மரக் கப்பல் காலத்துச் சொல். காற்றை எதிர்த்தாற்போல் ஓட்டுவது 'பை'; காற்று பின்னால் இருந்து தள்ள ஓட்டுவது 'லார்ஜ்'. இரண்டிலும் ஒழுங்காக ஓடும் கப்பலை, எல்லா வகையிலும் நல்ல கப்பல் என்பார்கள். அதிலிருந்து எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் என்ற பொருள் வந்தது. பாய் கட்டி ஓட்டிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால், காற்றைப் பிடித்து ஓட்டுவது எப்படி என்று பிள்ளைகள் கேட்டுப் பார்க்கட்டும். பள்ளிக்கூடத்தில் கிடைக்காத விளக்கம் அது.

'அட் லார்ஜ்': இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. செய்தித்தாளில் குற்றவாளி 'அட் லார்ஜ்' என்றால் பிடிபடாமல் தலைமறைவாக இருக்கிறான். 'பீப்பிள் அட் லார்ஜ்' என்றால் பொதுமக்கள்.

'ஸ்மால் ஃப்ரை': 'ஃப்ரை' என்றால் இங்கே வறுவல் இல்லை, மீன்குஞ்சு. முக்கியத்துவம் இல்லாத சில்லறை ஆட்கள் என்று பொருள். மோசடி வழக்கில் ஸ்மால் ஃப்ரை பிடிபட்டார்கள் என்றால், பெரிய புள்ளிகள் தப்பிவிட்டார்கள் என்று சொல்லாமல் சொல்கிறார்கள்.

'பிக்கர் ஃபிஷ் டு ஃப்ரை': இங்கே 'ஃப்ரை' வறுவல்தான்! "எனக்கு வறுக்க இதைவிடப் பெரிய மீன் இருக்கிறது" என்றால், இதைவிட முக்கியமான வேலை இருக்கிறது என்று பொருள். ஒரே சொல், இரண்டு சட்டி.

'பிக் ஃபிஷ் இன் எ ஸ்மால் பாண்ட்': சின்னக் குளத்தில் பெரிய மீன். சிறிய இடத்தில் பெரிய ஆளாக இருப்பவர். நம்மூர் வழக்கில் சொன்னால் ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

'எ டிராப் இன் தி ஓஷன்': கடலில் ஒரு துளி. தேவைக்கு முன்னால் மிகமிகக் குறைந்த உதவி. நம் யானைப் பசிக்குச் சோளப்பொரிதான் இது. ஆனால் துளிகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடம் சிறுதுளி பெருவெள்ளம் என்ற பழமொழி இருக்கிறது. டிரஸ்ட் உண்டியலில் பத்து ரூபாய் போடும் சகோதரிகள் இந்த இரண்டாவதை நினைத்துக்கொள்ளவும்.

'டிப் ஆஃப் தி ஐஸ்பர்க்': பனிப்பாறையின் நுனி. கடலில் மிதக்கும் பனிப்பாறையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீருக்குள் மறைந்திருக்கும். 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் மூழ்கியது அப்படி ஒரு பாறையில் மோதித்தான். வெளியே தெரிவது கொஞ்சம், உள்ளே இருப்பது அதிகம் என்ற இடத்தில் இதைச் சொல்வார்கள். வட்டிக்குக் கடன் வாங்கியவர் முதலில் வீட்டில் சொல்லும் தொகை, பெரும்பாலும் பனிப்பாறையின் நுனிதான்.

'லீன் சீசன்': 'லீன்' என்றால் மெலிந்த. மெலிந்த காலம் என்றால் வரவு குறைந்த காலம். மீன்வரத்து குறைந்த காலத்துக்கு மீனவர் குடும்பங்களுக்கு அரசு தரும் உதவித்தொகையின் ஆங்கிலப் பெயரில் இந்தச் சொல் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் தடைக்காலத்துக்கான உதவி வேறு, இது வேறு. படிவம் நிரப்பும்போது இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள்.

இறால் வியாபாரத்தில் நாம் தினமும் சொல்லும் 'கவுண்ட்' கூட அளவுச் சொல்தான். கிலோவுக்கு முப்பது இறால் நின்றால் முப்பது கவுண்ட். எண் கூடக்கூட இறால் சிறியதாகும். எண்ணைப் பார்த்து அளவை முடிவு செய்யக் கூடாது என்பதை நம் வியாபாரிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆங்கில வழக்கிலும் அதே எச்சரிக்கைதான் தேவை.

புகழவும் இகழவும்

மனிதர்களைப் பற்றிப் பேசும்போது 'பிக்' என்ற சொல் நல்லதாகவும் வரும், கெட்டதாகவும் வரும். 'பிக் ஹார்ட்டெட்' என்றால் தாராள மனம். 'பிக் ஹெட்டெட்' என்றால் தலைக்கனம். 'பிக் மவுத்' என்றால் ரகசியம் தங்காத வாய். இதயம் பெரிதானால் புகழ், தலையும் வாயும் பெரிதானால் இகழ் என்று நினைவில் வைக்கலாம்.

'பிக் ஷாட்' என்றால் செல்வாக்குள்ள ஆள். 'பிக்விக்' என்பதும் அதுதான். முன்காலத்தில் இங்கிலாந்தில் நீதிபதிகளும் பிரபுக்களும் பெரிய பொய்முடி அணிந்தார்கள். முடி பெரிதானால் ஆள் பெரிது. 'டூ பிக் ஃபார் ஹிஸ் பூட்ஸ்' என்றால் தகுதிக்கு மீறித் துள்ளுகிறான். அப்படிப்பட்டவனை அடக்கி வைப்பது 'கட் டவுன் டு சைஸ்'. 'சைஸ் அப்' என்றால் ஆளை எடைபோடுவது. நேர்முகத் தேர்வில் எதிரே உட்கார்ந்திருப்பவர் முதல் இரண்டு நிமிடம் செய்வது அதைத்தான். 'தட்ஸ் அபவுட் தி சைஸ் ஆஃப் இட்' என்றால், விஷயம் இதுதான், நிலைமை இவ்வளவுதான் என்று பொருள்.

'ஸ்மால் டாக்' என்றால் வானிலை, பயணம், சாப்பாடு என்று பேச்சுக்குப் பேசுவது. இதை வீண்பேச்சு என்று ஒதுக்கிவிட வேண்டாம். வேலைத்தலத்தில் பழக்கம் வளர்வது இதில்தான். "வீட்டில் எல்லோரும் சுகமா?" என்று நாம் கேட்பதும் அதுதானே.

'மேக்கிங் எ மவுண்டன் அவுட் ஆஃப் எ மோல்ஹில்' என்றால் எலி தோண்டிய மண்மேட்டை மலையாக்குவது. நம் வழக்கில் துரும்பைத் தூணாக்குவது. குடும்பச் சண்டைகளைப் பேசித் தீர்க்க எங்களிடம் வருகிறவர்களுக்குத் தமிழிலேயே இதை நாங்கள் அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிறது.

உடலின் அளவைச் சொல்லி அழைப்பது ஆங்கிலத்திலும் புண்படுத்தும். 'ஃபேட்டி', 'ஷார்ட்டி' என்று பிள்ளைகள் விளையாட்டாகக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். தமிழில் குண்டா, குள்ளா என்று கூப்பிடாதே என்று தடுக்கும் நாம், ஆங்கிலத்தில் சொன்னால் சிரித்துக்கொண்டு விட்டுவிடுகிறோம். பட்டப்பெயர் எந்த மொழியில் வைத்தாலும் பட்டப்பெயர்தான்.

கதை உள்ள மூன்று சொற்கள்

'ஜம்போ': இது ஒரு யானையின் பெயர். லண்டன் விலங்குக் காட்சி சாலையில் இருந்த ஆப்பிரிக்க யானை. 1882இல் பார்னம் என்ற அமெரிக்க சர்க்கஸ்காரர் அதை விலைக்கு வாங்கினார். 1885இல் கனடாவில் ரயில் மோதி அது இறந்தது. அந்த யானையின் புகழால் ஜம்போ என்றாலே பெரியது என்று ஆகிவிட்டது. 1970இல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய போயிங் 747 விமானத்துக்கு 'ஜம்போ ஜெட்' என்று பெயர் வந்ததும் அப்படித்தான். 'ஷ்ரிம்ப்' என்றால் ஆங்கிலத்தில் சிறிய ஆளைக் கேலி செய்யும் சொல். நம் ஏற்றுமதிப் பெட்டிகளிலோ 'ஜம்போ ஷ்ரிம்ப்' என்று இரண்டையும் சேர்த்தே அச்சிடுகிறார்கள்!

'லிலிபுட்': ஜோனதன் ஸ்விஃப்ட் 1726இல் வெளியிட்ட கலிவரின் பயணக் கதையில் வரும் நாடு. அங்குள்ளவர்கள் ஆறு அங்குல உயரம்தான். மிகச் சிறியவற்றை 'லிலிபுஷியன்' என்பது இதிலிருந்து வந்தது.

'டேவிட் அண்ட் கோலியாத்': ஆங்கிலச் செய்தித்தாளில் அடிக்கடி வரும். சிறியவர் பெரியவரை எதிர்த்து நிற்கும் போராட்டம் என்று பொருள். இந்தப் பெயர்கள் நமக்குப் புதியவை இல்லை. டேவிட் என்பது தாவூது அலைஹிஸ்ஸலாம். கோலியாத் என்பது ஜாலூத். தாலூத்தின் சிறிய படையும் ஜாலூத்தின் பெரும் படையும் மோதிய வரலாறு அல்பகறா அத்தியாயத்தில் இருக்கிறது. சிறுகடை ஒன்று பெரிய கம்பெனி மீது வழக்குப் போட்டால், பத்திரிகை இந்தப் பெயர்களால் அதைக் குறிக்கும். மதரஸாவில் படித்த பாடம் ஆங்கிலப் பத்திரிகை படிக்க உதவுகிறது, பார்த்தீர்களா?

பயிற்சி

கீழே உள்ளவற்றுக்கு முதலில் நீங்களே விடை சொல்லிப் பாருங்கள். அத்தாவோ அம்மாவோ கேள்வி கேட்க, பிள்ளைகள் பதில் சொல்லலாம்.

1. கம்பெனி மெயிலில் 'ஷார்ட்லிஸ்டட்' என்று வந்திருக்கிறது. ஏஜென்டுக்குப் பணம் கொடுக்கலாமா?
2. "வீ ஹேவ் லிட்டில் டைம்" என்றால் அவசரப்பட வேண்டுமா, வேண்டாமா?
3. கூட்டத்துக்கு 'கொயட் எ ஃபியூ' பேர் வந்தார்கள். அரங்கம் காலியா, நிறைந்ததா?
4. நீங்கள் கேட்ட விடுமுறைக்கு மேலாளர் 'டால் ஆர்டர்' என்றார். கிடைத்ததா?
5. போலீஸ் தேடும் நபர் 'அட் லார்ஜ்'. அவர் எங்கே?
6. உங்கள் மகனுக்குச் சம்பள உயர்வு கிடைக்க 'ஃபேட் சான்ஸ்' என்கிறார் உடன் வேலை செய்பவர். மகிழலாமா?
7. கடைக்காரர் காலில் மிதித்துவிட்டீர்கள். அவர் 'நோ பிக் டீல்' என்கிறார். கோபமா?

விடைகள்: 1. கூடாது, நேர்முகத் தேர்வு இனிமேல்தான். 2. அவசரப்பட வேண்டும்; நேரம் ஏறக்குறைய இல்லை. 3. நிறைந்தது. 4. கிடைக்கவில்லை, கடினம் என்கிறார். 5. தலைமறைவாக இருக்கிறார். 6. மகிழ முடியாது, வாய்ப்பே இல்லை என்கிறார். 7. கோபமில்லை; பரவாயில்லை என்கிறார்.

ஒரு வேண்டுகோள்

இந்தப் பாடத்தில் உள்ள எல்லாச் சொற்களும் நினைவில் நிற்காமல் போகலாம். அதனால் நஷ்டம் இல்லை. தெரிந்த சொல்லாகத் தோன்றினாலும், பணம் கொடுக்கும் முன், கையெழுத்துப் போடும் முன், பயணம் கிளம்பும் முன், ஒரு தடவை கேட்டுக்கொள்ளும் பழக்கம் மட்டும் வந்துவிட்டால் போதும். கேட்பது வெட்கம் இல்லை. படித்தவர்கள் என்று உட்கார்ந்திருக்கும் நாங்களே தவறாகச் சொன்னோம் என்பதை ஒளிக்காமல் எழுதியதற்குக் காரணம் அதுதான்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அலுவலகத்தில் ஒரு முறை வைத்திருக்கிறோம். ஆங்கிலக் கடிதத்துக்குப் போனில் பொருள் சொல்வதில்லை. கடிதத்தை நேரில் கொண்டு வந்தால், இரண்டு பேர் முழுவதும் படித்து, தமிழில் ஒரு தாளில் எழுதித் தருகிறோம். எங்களுக்குப் புரியாத இடத்தில், புரியவில்லை என்றே எழுதுகிறோம்; தெரிந்தவரிடம் கேட்டு மறுநாள் சொல்கிறோம். சகோதரிகள் தயங்காமல் வரலாம். பிள்ளைகளிடமும் கொடுத்து அனுப்பலாம்.

சங்கிலியை அடகு வைத்த அந்தத் தாயின் மகன், அல்ஹம்துலில்லாஹ், இப்போது வேறொரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். ஒப்பந்தம் வந்த அன்று அத்தாவையும் அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். "முதலில் பொடி எழுத்தைப் படிச்சுச் சொல்லுங்க. சம்பளம் அப்புறம் பார்ப்போம்" என்றார். மூன்று பக்கத்தையும் மக்ரிப் வரை உட்கார்ந்து படித்தோம்.

நம் பிள்ளைகளின் கல்வியிலும் உழைப்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.